'ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சு, பெரிய மானிட்டர் வாங்கலாமா?' - திருப்பூரில் வேலைக்கும் கேமுக்கும் ஒரே திரை தேடுவோர் கவனிக்க வேண்டியது என்ன?

பகலில் டெக் பேக், எக்செல் காஸ்டிங், பையருக்கு மெயில். ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே மேஜையில், அதே நாற்காலியில் கேம். திருப்பூரில் மெர்ச்சண்டைசராகவோ டிசைனராகவோ இருக்கும் பல இளைஞர்களின் நாள் இப்படித்தான் போகிறது. வீட்டிலேயே எம்பிராய்டரி பஞ்சிங் வேலை எடுத்துச் செய்பவர்களும், அப்பாவின் ஜாப் ஒர்க் யூனிட்டுக்குக் கணக்கு பார்க்கும் கல்லூரி மாணவர்களும் இதே கதைதான். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30 அல்லது 7.30. அதனால் ஆபீஸ் முடிந்தும் வேலை முடிவதில்லை, வேலைத் திரையும் கேம் திரையும் தனித்தனியாக வைக்க வீட்டில் இடமும் இருப்பதில்லை.

இந்தச் சூழலில்தான் 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி குறைப்பு 'பெரிய மானிட்டர்' ஆசையைக் கிளப்பிவிட்டது. கடைகளிலும் ஆன்லைனிலும் எந்த மானிட்டரைப் பார்த்தாலும் 'ஜிஎஸ்டி குறைப்புக்குப் பிந்தைய விலை' என்று ஒட்டியிருந்தார்கள். ஆனால், உண்மையில் எல்லா மானிட்டருக்கும் வரி குறைந்ததா?

இல்லை.

எந்த மானிட்டருக்கு வரி குறைந்தது?

2025 செப்டம்பர் 3-ம் தேதி நடந்த 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில், டிவி, மானிட்டர், புரொஜெக்டர் ஆகியவற்றுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் 32 இன்ச் வரையிலான கம்ப்யூட்டர் மானிட்டர்கள் 2019 ஜனவரி 1-ம் தேதியே 18 சதவீத வரிக்கு வந்துவிட்டன. அதாவது 24, 27, 32 இன்ச் மானிட்டர்களுக்கு இந்த முறை வரியில் ஒரு பைசாகூட மாறவில்லை. 27 இன்ச் மானிட்டரைக் காட்டி, 'ஜிஎஸ்டி குறைஞ்ச விலைங்ணா' என்று யாராவது சொன்னால், அது வழக்கமான பண்டிகைத் தள்ளுபடிதான். தள்ளுபடி நல்லதுதான், அதற்கு ஜிஎஸ்டி காரணமல்ல.

மாற்றம் வந்தது 32 இன்ச்சைத் தாண்டிய திரைகளுக்கு. 34 இன்ச் அல்ட்ராவைட், 40, 42, 45, 49 இன்ச் என்று கேம் பிரியர்கள் அதிகம் விரும்பும் அளவுகள் எல்லாம் இந்தப் பட்டியலில் வருகின்றன. வரிக்கு முந்தைய விலை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்பு 64,000 ரூபாய்க்கு பில் போட்டிருப்பார்கள். இப்போது 59,000. மொத்த விலையில் இது 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

பழைய விதியில் ஒரு வேடிக்கையும் இருந்தது. இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. 34 இன்ச் அல்ட்ராவைட் நீளமாக, ஒல்லியாக இருக்கும். அதன் பரப்பு சுமார் 412 சதுர இன்ச். வழக்கமான 16:9 வடிவ 32 இன்ச் மானிட்டரின் பரப்போ சுமார் 438 சதுர இன்ச். அதாவது பரப்பில் சிறிய திரைக்கு 28 சதவீதம், பெரிய திரைக்கு 18 சதவீதம் என்று ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக வரி கட்டிக்கொண்டிருந்தோம். இப்போது இரண்டும் ஒரே வரி. ஆகவே 'வரிக்குப் பயந்து 32' என்ற கணக்கு இனி தேவையில்லை. தேவையைப் பார்த்து வாங்கலாம்.

செலவு செய்ய இது சரியான நேரமா?

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, முதலில் அடி வாங்கிய ஊர்களில் ஒன்று திருப்பூர். ஆண்டுக்கு சுமார் 40,000 கோடி ரூபாய் அளவுக்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. ஆர்டர் நிறுத்திவைப்பு, விலைக் குறைப்பு பேரம் என்று செய்திகள் வந்த அதே மாதங்களில்தான் மானிட்டர் விலையும் குறைந்தது. அதோடு, 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்ததால், பழைய கம்ப்யூட்டர்களை மாற்ற வேண்டிய கட்டாயமும் பல சிறிய கம்பெனிகளுக்கு வந்தது. போதாக்குறைக்கு 2025 இறுதியில் ரேம் விலை எகிறியது.

இந்த நிலையில் 'மானிட்டர்தானே' என்று விட முடியாது. ஒரு கம்ப்யூட்டரில் நீண்ட நாள் உழைக்கும் பொருள் மானிட்டர்தான். பிராசஸர், ரேம் எல்லாம் மாறிவிடும், திரை அங்கேயே நிற்கும். தப்பான திரையை வாங்கிவிட்டால் ஏழெட்டு வருஷம் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெரிது என்றால் எவ்வளவு பெரிது?

கடையில் பார்க்கும்போது எல்லாத் திரையும் சின்னதாகத்தான் தெரியும். ஆறடி தள்ளி நின்று பார்க்கிறோம். வீட்டில் இரண்டடி அகல மேஜையில் வைத்து உட்காரும்போதுதான் உண்மை தெரியும்.

மெர்ச்சண்டைசர்களுக்கு எளிதான அளவுகோல் ஒன்று உண்டு: ஏ4 தாள். டெக் பேக் பக்கங்கள் பெரும்பாலும் ஏ4 அளவில்தான் வருகின்றன. 24 இன்ச் மானிட்டரின் உயரம் ஏறத்தாழ 29.9 சென்டிமீட்டர். ஏ4 தாளின் உயரம் 29.7. கீழே டாஸ்க்பார், மேலே மெனு போய்விட்டால் ஒரு முழுப் பக்கம் அசல் அளவில் நிற்காது. 27 இன்ச்சில் உயரம் 33.6 சென்டிமீட்டர். இரண்டு ஏ4 பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு இடம் மிஞ்சும். 32 இன்ச் என்றால் மூன்று பக்கங்கள். 34 இன்ச் அல்ட்ராவைடில் மூன்று பக்கங்கள் போக வாட்ஸ்அப் வெப் திறந்துவைக்கவும் இடம் இருக்கும். ஒரு பக்கம் பையரின் மெயில், நடுவில் டெக் பேக், இன்னொரு பக்கம் காஸ்டிங் ஷீட் என்று வைத்து வேலை பார்ப்பவருக்கு அல்ட்ராவைட் உண்மையிலேயே உதவும்.

42 இன்ச்சுக்கு மேல் போனால் மேஜை ஆழம் இரண்டடி போதாது. கிட்டத்தட்ட மூன்றடி தள்ளி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கவே கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். மேஜை சின்னது, திரை பெரிது என்றால் சுவரில் அல்லது மேஜை விளிம்பில் பொருத்தும் மானிட்டர் ஆர்ம் ஒரு வழி. அதற்கு மானிட்டரின் பின்புறம் 100-க்கு 100 மில்லிமீட்டர் வெசா துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்ச் மட்டும் பார்த்து ஏமாறுவது எப்படி?

இன்ச்சைவிட முக்கியமானது, ஒரு இன்ச்சில் எத்தனை பிக்சல் என்பது. 32 இன்ச்சில் ஃபுல் எச்டி மானிட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு இன்ச்சுக்கு சுமார் 69 பிக்சல்தான். எழுத்துகள் படிக்கட்டு மாதிரி தெரியும். நாள் முழுக்க எக்செல் பார்ப்பவர் இதை வாங்கவே கூடாது. 27 இன்ச்சில் 1440பி என்றால் 109 பிக்சல், 34 இன்ச் அல்ட்ராவைடும் கிட்டத்தட்ட அதே 110. 32 இன்ச் 4கே என்றால் 138. எழுத்து அச்சிட்டது போல இருக்கும். ஆனால் விண்டோஸில் ஸ்கேலிங்கை 125 அல்லது 150 சதவீதம் வைத்தால்தான் படிக்க முடியும். பழைய பேட்டர்ன் சாஃப்ட்வேர்கள், பஞ்சிங் சாஃப்ட்வேர்கள் சிலவற்றில் இந்த ஸ்கேலிங் ஒழுங்காக வேலை செய்யாது. ஐகான்கள் எறும்பு சைஸில் வரும், அல்லது மங்கலாகும். ஆகவே தினமும் பயன்படுத்தும் சாஃப்ட்வேரை 4கே திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கேம் பக்கம் கணக்கு வேறு. 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். 1440பி-யில் சுமார் 37 லட்சம். அல்ட்ராவைடில் சுமார் 50 லட்சம். ஒவ்வொரு நொடியும் இத்தனை பிக்சலையும் நூறு தடவைக்கு மேல் வரைந்து தர வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. 4கே மானிட்டருக்குக் காசைக் கொட்டிவிட்டு, நடுத்தர கிராபிக்ஸ் கார்டுடன் கேமை 1080பி-க்கு இறக்கி ஆடுபவர்கள் நிறைய பேர். அவர்களுக்கு 1440பி-தான் பொருத்தம். மிச்சமாகும் பணத்தைக் கார்டில் போடலாம்.

ஹெர்ட்ஸ் விஷயத்தில் 60-லிருந்து 144-க்குப் போவது பெரிய தாவல். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையிலான நேரம் 16.7 மில்லி விநாடியிலிருந்து 6.9 ஆகக் குறைகிறது. கேமில் மட்டுமல்ல, நீளமான எக்செல் ஷீட்டை உருட்டும்போதும் வித்தியாசம் தெரியும். 144-லிருந்து 240-க்குப் போனால் 6.9 என்பது 4.2 ஆகிறது. போட்டி கேம் ஆடுபவர்களைத் தவிர மற்றவர்கள் இதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் '1 எம்எஸ்' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது பின்விளக்கை அணைத்து அணைத்து ஏற்றும் ஒரு சிறப்பு மோடில் எடுத்த அளவு.

கலர் விஷயத்தில் என்ன சிக்கல்?

மற்ற ஊர்களில் மானிட்டர் கலர் என்பது ரசனை. திருப்பூரில் அது காசு.

துணிக்கான லேப் டிப் ஒப்புதல் திரையில் நடப்பதில்லை. லைட் பாக்ஸுக்குள் டி65, டிஎல்84 விளக்குகளின் கீழ் துணியை வைத்து, அளவிட வேண்டிய இடத்தில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளந்து, ஸ்வாட்ச்சை கூரியரில் அனுப்பித்தான் ஷேடு முடிவாகிறது. இதை எந்த மானிட்டரும் மாற்றிவிடாது. ஆனால் அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது பிரிண்ட் ஆர்ட்ஒர்க், கலர்வே, 3டி சாம்பிள் போன்றவற்றில் திரையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பையர் தரப்பில் ஒரு சிவப்பு, இங்கே டிசைனர் திரையில் வேறு சிவப்பு, பிரிண்டிங் யூனிட்டில் மூன்றாவது சிவப்பு என்று ஆனால், ஸ்ட்ரைக்-ஆஃப் மறுபடி மறுபடி போட வேண்டிவரும். ஒவ்வொரு சுற்றிலும் நாள் போகிறது. ஷிப்மென்ட் தேதி மட்டும் அப்படியே நிற்கும்.

கேமிங் மானிட்டரின் பிரச்சினை இங்கேதான். கேம் கண்ணைப் பறிக்க வேண்டும் என்று வைட் கேமட் திரைகளைப் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கலர் மேனேஜ்மென்ட் தெரியாத ஒரு சாஃப்ட்வேரில் சாதாரண எஸ்ஆர்ஜிபி படத்தைத் திறந்தால், மெரூன் ரத்தச் சிவப்பாகவும் இலைப்பச்சை நியான் பச்சையாகவும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு டிசைனர் 'கொஞ்சம் டல் பண்ணலாம்' என்று குறைத்தால், அச்சில் வரும் நிறம் செத்துப்போயிருக்கும்.

இதற்குத் தீர்வு கேமிங் மானிட்டர் வேண்டாம் என்பதல்ல. வாங்கும் மாடலின் மெனுவில் 'எஸ்ஆர்ஜிபி மோட்' இருக்கிறதா, அந்த மோடில் வெளிச்சத்தை மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பல மாடல்களில் எஸ்ஆர்ஜிபி மோடுக்குப் போனதும் பிரைட்னஸ் பூட்டிக்கொள்ளும். அது தலைவலி. கலர் வேலைக்கு வெளிச்சம் சுமார் 120 நிட்ஸ், வெள்ளை நிறம் டி65 என்று வைப்பது வழக்கம். கேமுக்கு அதைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். இரண்டு செட்டிங்கையும் தனித்தனி பட்டனில் சேமிக்க முடிந்தால், பகல்-ராத்திரி பிரச்சினை பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, திரையில் ஒட்டிவைத்து அளக்கும் கலரிமீட்டர் கருவி. அது வருடம் முழுக்கத் தேவைப்படாது. நாலு டிசைனர் நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை சுற்றுக்கு விட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, அறை. ஜன்னல் வெயில் திரையில் விழும் இடத்தில் எத்தனை லட்சம் ரூபாய் மானிட்டர் வைத்தாலும் நிறம் சரியாகத் தெரியாது.

ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி - எது?

ஐபிஎஸ் பேனல்தான் இரண்டு வேலைக்கும் சேர்த்துப் பார்க்கும்போது பத்திரமான தேர்வு. பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. மேஜையைச் சுற்றி மூன்று பேர் நின்று ஒரு டிசைனைப் பார்க்கும் பழக்கம் உள்ள இடத்தில் இது முக்கியம். குறை, கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது. கான்ட்ராஸ்ட் பொதுவாக 1000-க்கு 1. விஏ பேனலில் அது 3000-க்கு 1 அளவுக்குப் போகும், விலையும் குறைவு. ஆனால் இருட்டான கேம் காட்சிகளில் நகரும் உருவத்துக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு கறை இழுக்கும்.

ஓஎல்இடி கேமுக்கு ராஜா. இதில் சந்தேகமில்லை. வேலைக்கு? தினமும் எட்டு மணி நேரம் டேலி, எக்செல் கட்டங்கள், அசையாத டூல்பார், டாஸ்க்பார் என்று ஒரே இடத்தில் ஒரே உருவம் நின்றால், நாளடைவில் அதன் நிழல் திரையில் பதிந்துவிடும் அபாயம் உண்டு. இதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். சில நிறுவனங்கள் மூன்று ஆண்டு வாரன்ட்டியில் பர்ன்-இன்னையும் சேர்க்கின்றன. இந்தியாவில் விற்கும் அந்த மாடலின் வாரன்ட்டி அட்டையில் அது எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் கடைக்காரர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். தவிர, க்யூடி-ஓஎல்இடி வகைத் திரைகள் வெளிச்சமான அறையில் கறுப்பை லேசான ஊதாச் சாயலில் காட்டும். சிறிய எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிவதும் உண்டு. கணக்கு வேலை அதிகம், கேம் வார இறுதியில் மட்டும் என்றால் ஓஎல்இடி-யைத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம்.

வளைந்த திரை பற்றியும் ஒரு வார்த்தை. ரேஸ் கேமுக்கு அது அருமை. பேட்டர்ன் மாஸ்டருக்கு அல்ல. நேர்கோட்டை நேர்கோடாகப் பார்க்க வேண்டிய வேலையில் வளைவு கண்ணைக் குழப்பும்.

டிவியையே மானிட்டராக்கினால்?

'நாப்பத்திமூணு இன்ச் 4கே டிவி மானிட்டரைவிட சீப்புங்க, அதையே மாட்டிக்கலாமே' என்ற கேள்வி இப்போது அதிகம் கேட்கிறது. டிவிக்கும் அதே 10 சதவீத வரிக் குறைப்பு கிடைத்தது என்பதும் உண்மை. சிசிடிவி பார்க்க, ஷோரூமில் கேட்டலாக் ஓட்ட அது போதும். ஆனால் பல டிவிகள் கம்ப்யூட்டரிலிருந்து வரும் நிறத் தகவலைச் சுருக்கித்தான் காட்டும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைத் திறந்து பார்த்தால், ஓரங்கள் கரைந்து தெரிவதில் இது புரிந்துவிடும். 'பிசி மோட்' உள்ள, 4:4:4 முறையை ஏற்கும் டிவி என்றால் பரவாயில்லை. இல்லாவிட்டால் எழுத்து வேலைக்கு எடுக்கக் கூடாது.

ஒயர் விஷயத்திலும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எச்டிஎம்ஐ 1.4 மட்டும் உள்ள பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் 4கே திரையை மாட்டினால் 30 ஹெர்ட்ஸ்தான் வரும். மவுஸ் இழுத்த இடத்துக்கு வராமல் தள்ளாடும். 'மானிட்டர் கம்ப்ளெய்ன்ட்' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். குறை மானிட்டரில் இல்லை. எச்டிஎம்ஐ 2.0-வில் 4கே 60 ஹெர்ட்ஸ், 2.1-ல் 120-க்கு மேல். கம்பெனி லேப்டாப், சொந்த கேமிங் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே திரையில் மாட்டுபவர்கள், யுஎஸ்பி-சி வழியாக லேப்டாப்புக்கு சார்ஜும் தரும், கேவிஎம் சுவிட்ச் உள்ள மாடலைத் தேடலாம். ஒரே கீபோர்டு, மவுஸ் இரண்டுக்கும் வேலை செய்யும்.

யுபிஎஸ்-ஐயும் மறக்க வேண்டாம். பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் வரைதான் தாங்கும். கேம் ஓடும்போது கம்ப்யூட்டரும் பெரிய மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ்-ம் சேர்ந்து அணைந்தால், சேமிக்காத பேட்டர்ன் ஃபைல் போனது போனதுதான்.

கம்பெனி பேரில் பில் போட்டால் வரி திரும்பக் கிடைக்குமா?

இங்கேதான் 'வேலைக்கும் கேமுக்கும்' என்ற ஒரு வரி சட்டப் பிரச்சினையாகிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ள யூனிட், தன் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் வாங்கினால், அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். 59,000 ரூபாய் பில்லில் அது 9,000 ரூபாய். ஆனால் ஒரு பொருள் பாதி தொழிலுக்கும் பாதி சொந்தத்துக்கும் பயன்பட்டால், தொழிலுக்கான பங்குக்கு மட்டுமே வரவு எடுக்க முடியும் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(1) பிரிவு. முழுக்கச் சொந்தப் பயன்பாடு என்றால் வரவே கிடையாது. வீட்டுப் படுக்கையறையில் இருக்கும் 49 இன்ச் திரைக்கு முழு வரவு எடுத்துவிட்டு, பின்னால் தணிக்கையில் கேட்கும்போது விளக்கம் தேடுவதைவிட, முன்கூட்டியே ஆடிட்டரிடம் சொல்லிவிடுவது மேல்.

காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வரவு எடுக்கும் வசதியே இல்லை. அவர்களுக்கு வரிக் குறைப்பு நேரடி லாபம். மற்றவர்களுக்கு 28 ஆனாலும் 18 ஆனாலும் வரவு எடுக்கும் பணம்தான் என்று தோன்றலாம். ஏற்றுமதியாளர்களுக்கு அது அவ்வளவு எளிதல்ல. எல்யுடி கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்பவர்கள் ரீஃபண்ட் கேட்கும்போது, மூலதனப் பொருட்கள் மீதான வரி அந்தக் கணக்கில் சேராது. கணக்குப் புத்தகத்தில் மூலதனப் பொருளாகக் காட்டிய மானிட்டரின் வரி, உள்ளூர் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும்வரை லெட்ஜரில் தூங்கும். அப்படித் தூங்கும் தொகை குறைந்தது என்பதுதான் அவர்களுக்கு லாபம். அதேபோல, வரித் தொகையையும் சேர்த்து மானிட்டர் மதிப்புக்குத் தேய்மானம் காட்டினால், 16(3) பிரிவின்படி உள்ளீட்டு வரவு கிடையாது. இரண்டில் ஒன்றுதான்.

கேமுக்குத் தடை என்கிறார்களே?

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத்தான் தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸை அது அங்கீகரிக்கிறது. காசு கொடுத்து வாங்கி கம்ப்யூட்டரில் ஆடும் சாதாரண கேம்களுக்கும் இந்தத் தடைக்கும் சம்பந்தமில்லை.

அப்போது எதைத்தான் வாங்குவது?

நடுத்தர கிராபிக்ஸ் கார்டு, இரண்டடி மேஜை, எக்செல்-மெயில் வேலை என்றால் 27 இன்ச் 1440பி ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். திருப்பூரில் பெரும்பாலானவர்களின் தேவை இத்துடன் முடிந்துவிடும். வரி குறையாத அளவு என்பதற்காக இதை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் மூன்று ஜன்னல் திறந்து வேலை பார்க்கும் மெர்ச்சண்டைசருக்கு 34 இன்ச் அல்ட்ராவைட். வரிக் குறைப்பு உண்மையில் யாருக்காவது உதவியது என்றால் இவர்களுக்குத்தான். பிரிண்ட் டிசைனருக்கும் 3டி சாம்பிள் செய்பவருக்கும் 32 இன்ச் 4கே ஐபிஎஸ், தட்டையான திரை, ஒழுங்கான எஸ்ஆர்ஜிபி மோட். பஞ்சிங் வேலையும் கணக்கும் மட்டும் பார்க்கும் யூனிட்டுக்கு இரண்டு 24 இன்ச் திரைகளே போதும், ஒன்று கெட்டாலும் மற்றதில் வேலை ஓடும்.

பெட்டியைத் திறந்ததும் முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்களைத் திரை நிறைய ஓட்டிப் பார்த்து, செத்த பிக்சல் இருக்கிறதா என்று அன்றைக்கே சோதிக்க வேண்டும். எத்தனை செத்த பிக்சல் இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். பின்புறத்தில் பிஐஎஸ் பதிவு எண்ணுடன் கூடிய முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கவும். பாதி விலைக்குக் கிடைக்கும் இறக்குமதி மானிட்டர்கள் பலவற்றில் அது இருக்காது, இந்திய வாரன்ட்டியும் இருக்காது. பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் திருப்பித் தரும் கெடு முடியும்வரை தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.